மெக்கன்சி: ஒரு ஸ்காட்லாந்துக் குடும்பப் பெயரைப் படிப்பதும் தேடுவதும்

தமிழக வரலாறு படிப்பவர்களுக்கு மெக்கன்சி என்றதும் சுவடிகள்தான் நினைவுக்கு வரும். காலின் மெக்கன்சி ஸ்காட்லாந்தின் வடமேற்கே உள்ள லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவே ஊரில் பிறந்தவர். 1783இல் கிழக்கிந்தியக் கும்பினிப் படை அதிகாரியாகச் சென்னைக்கு வந்தார்; 1815இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளர் ஆனார். அவர் திரட்டிய சுவடிகளைப் புரட்டுகிறவர்கள்கூட அவருடைய பெயரை ஏதோ ஆங்கிலப் பெயர் என்று கடந்துவிடுகிறார்கள். அது ஆங்கிலப் பெயரே அல்ல. ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியிலும் தீவுகளிலும் பேசப்படும் கேலிக் மொழிப் பெயர், ஆங்கில எழுத்தில் சிக்கி உருமாறிக் கிடக்கிறது. இந்தப் பெயரைச் சரியாகப் படிக்கவும் ஆவணங்களில் தேடவும் பழகிவிட்டால், மற்ற ஸ்காட்லாந்துப் பெயர்களில் பாதியைப் படிக்கப் பழகியதுபோலத்தான்.

முதலில் பொருள். கேலிக்கில் 'மாக்' என்றால் மகன். 'கொஞ்ஞஹ்' என்பது ஓர் ஆணின் இயற்பெயர். 'அழகன்', 'எழிலுடையவன்' என்று பொருள். 'கொஞ்ஞஹ்' என்பது வேற்றுமை ஏற்கும்போது 'கொஞ்ஞிஹ்' ஆகும். ஆக 'மாக் கொஞ்ஞிஹ்' என்றால் கொஞ்ஞஹின் மகன். இறுதியில் உள்ள ஹ் மெல்லிய காற்றொலி. நடுவில் இருப்பது நம் ஞகரம். ஆங்கிலத்தில் இந்த ஒலிக்குத் தனி எழுத்து இல்லை. பிறகு வந்த குழப்பம் பெரும்பாலும் இதிலிருந்து பிறந்ததுதான்.

'கொஞ்ஞஹ்' என்ற பெயரை ஆங்கிலத்தில் கென்னத் என்று எழுதுவார்கள். இங்கே கவனம் தேவை. 'கினேத்' என்ற முற்றிலும் வேறொரு பழைய பெயரும் ஆங்கிலத்துக்கு வந்தபோது கென்னத் என்றே ஆனது. 858இல் இறந்த அரசர் கென்னத் மெக்கல்பின் இந்த இரண்டாவது வகை. பெயர்ப்பொருள் பட்டியல்களில் மெக்கன்சிக்கு 'நெருப்பில் பிறந்தவன்' என்று போட்டிருந்தால், அந்தப் பொருள் கினேத்துக்குச் சொல்லப்படுவது, மெக்கன்சிக்குப் பொருந்தாது. மெக்கன்சி குலச் சின்னத்தில் தீப்பற்றிய மலையும் 'ஒளிர்கிறேன், எரிக்கவில்லை' என்ற லத்தீன் வாசகமும் இருப்பதால் பலர் இந்தத் தவறான பொருளை மேலும் உறுதியாக நம்பிவிடுகிறார்கள். அழகன் என்ற பொருளே சரி. அயர்லாந்தின் கில்கென்னி நகரத்தின் பெயருக்குள்ளும் இதே பெயர்தான் இருக்கிறது. கில்கென்னி என்றால் கன்னெஹ் என்ற புனிதரின் கோயில்.

மாக் என்று தொடங்கும் எல்லாப் பெயரும் தந்தையின் இயற்பெயரைச் சொல்வதில்லை. மெக்கின்டயர் தச்சரின் மகன். மெக்பெர்சன் பங்குக் குருவின் மகன், மெக்னாப் மடத்துத் தலைவரின் மகன். குருமார் திருமணம் செய்துகொண்ட பழைய கேலிக் திருச்சபையின் தடம் இந்தப் பெயர்களில் அப்படியே நிற்கிறது. மெக்லியோட், மெக்காலே இரண்டிலும் மாக்குக்குப் பின்னால் இருப்பவை ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல்வழி வந்த நார்ஸ் மக்களின் பெயர்கள். நம் கல்விக்கொள்கைச் சண்டைகளில் அடிபடும் அதே மெக்காலே, 'ஓலாஃபின் மகன்'.

இனி, ஆங்கிலத்தில் மெக்கன்சியை எழுதும்போது ஞகரம் எப்படி இசட் ஆனது? இடைக்காலத்தில் ஸ்காட்லாந்தில் எழுதியவர்களிடம் 'யோக்' என்று ஓர் எழுத்து இருந்தது. பார்வைக்கு 3 என்ற எண் போல வாலோடு இருக்கும். யகர ஒலியைக் குறிக்கும். 'என்' எழுத்துக்குப் பின்னால் அதைப் போட்டால் ஞகரம் கிடைக்கும். மெக்கன்சியை அப்படித்தான் எழுதினார்கள். 'மக்கெஞ்யி' என்று படித்தார்கள். அச்சு வந்தபோது அச்சுக்கூடத்தில் யோக்குக்கு வார்ப்பு இல்லை. கையெழுத்தில் வால் போட்டு எழுதும் இசட் அதே போல இருந்ததால் அதை எடுத்து வைத்தார்கள். படிக்கிறவர்கள் காலப்போக்கில் அதை இசட் என்றே உச்சரித்தார்கள். தமிழின் ழகரத்துக்கு ஆங்கிலத்தில் போடும் இரண்டு எழுத்தைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் 'கோஸிக்கோடு' என்று படிப்பது போன்ற கதை இது.

இந்தத் தவறு மெக்கன்சியில் நிலைத்துவிட்டது. இன்று 'மக்கென்ஸி' என்று இரண்டாம் அசையை அழுத்திச் சொல்வதே வழக்கு. பழைய உச்சரிப்பில் சொன்னால் அந்த ஊரிலேயே புரியாது. ஆனால் எல்லாப் பெயரும் இப்படி மாறவில்லை. மென்சீஸ் என்று எழுதியிருப்பதை ஸ்காட்லாந்தில் பலர் 'மிங்கிஸ்' என்கிறார்கள். அரசியல்வாதி மென்சீஸ் கேம்பெல்லுக்கு 'மிங்' என்ற செல்லப்பெயர் வந்தது அதனால்தான். ஆஸ்திரேலியப் பிரதமராக இருந்த ராபர்ட் மென்சீஸ் தன் பெயரை எழுத்தில் உள்ளபடியே சொன்னார். டால்சியல் என்று எழுதுவதை 'டீயெல்' என்று படிக்கவேண்டும். மொழிபெயர்ப்பாளர்களும் செய்தி வாசிப்பவர்களும் நினைவில் வைக்கவேண்டியது: ஸ்காட்லாந்துப் பெயரின் நடுவில் இசட் இருந்தால், தமிழில் எழுதுமுன் அந்த மனிதரோ அவர் குடும்பமோ அதை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டுவிட வேண்டும். எழுத்தை நம்பினால் ஏமாற்றம்தான்.

அடுத்த குழப்பம், பெயரின் தொடக்கத்தை 'மாக்' என்று எழுதுவதா 'மெக்' என்று எழுதுவதா என்பது. முழுதாக எழுதினால் ஸ்காட்லாந்து, சுருக்கி எழுதினால் அயர்லாந்து என்பார்கள். கத்தோலிக்கர் ஒருவிதம், சீர்திருத்தச் சபையார் இன்னொரு விதம் என்பார்கள். இரண்டும் கட்டுக்கதை. எம், சி இரண்டு எழுத்தும் மாக் என்பதன் சுருக்கம், அவ்வளவே. பழைய அச்சில் எம் எழுத்துக்குப் பிறகு ஒரு மேற்கோள் குறி மட்டும் போட்டிருப்பார்கள். மேலே சிறிதாக எழுதிய சி எழுத்துக்கு அது பதிலி. மாக்குக்குப் பின்வரும் கே பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்பதற்கும் குடும்ப அடையாளம் எதுவும் கிடையாது. ஒரே மனிதரை ஞானஸ்நானப் பதிவில் ஒருவிதமாகவும் திருமணப் பதிவில் வேறுவிதமாகவும் எழுதியிருப்பார்கள், ஏனென்றால் எழுதியது அவர் அல்ல, எழுத்தர். 'எங்கள் குடும்பம் எப்போதும் ஏ சேர்த்துத்தான் எழுதும்' என்ற பேச்சை நம்பி மற்ற வடிவங்களைத் தேடாமல் விடுவது, ஆவணம் கிடைக்காமல் போவதற்கான முதல் காரணம்.

பெண்களின் பெயர்

கேலிக் பேச்சில் பெண் மாக் ஆகமாட்டாள். மகனின் மகள் என்ற பொருளுள்ள தொடர் சுருங்கி 'நிக்' ஆனது. அண்ணன் மாக் கொஞ்ஞிஹ் என்றால் தங்கை நிக் கொஞ்ஞிஹ். இது கேலிக்கில் மட்டும். ஆங்கில ஆவணத்தில் இருவரும் மெக்கன்சிதான். அமெரிக்காவில் 1990களிலிருந்து மெக்கன்சி என்பதைப் பெண் குழந்தைக்கு இயற்பெயராக வைப்பது பெருவழக்கானது. மகன் என்று தொடங்கும் பெயரைப் பெண்ணுக்கு வைக்கிறோமே என்று கவலைப்படுவது கேலிக் தெரிந்தவர்கள் மட்டுமே.

ஆவணம் தேடுபவர்களுக்கு உண்மையிலேயே கைகொடுப்பது வேறு ஒரு பழக்கம். ஸ்காட்லாந்தில் சட்டப்படி ஒரு பெண் திருமணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரை இழப்பதில்லை. பல கல்லறைகளில் கணவன் பெயருக்குக் கீழே அவளுடைய பிறந்த வீட்டுப் பெயரே செதுக்கப்பட்டிருக்கும். உயில், நிலப் பத்திரம், இறப்புப் பதிவு போன்றவற்றில் 'மேரி மெக்லியோட் அல்லது மெக்கன்சி' என்று இரண்டு பெயரையும் எழுதுவார்கள். அந்த 'அல்லது' சந்தேகத்தைக் குறிக்கவில்லை. பிறந்த வீட்டுப் பெயரும் புகுந்த வீட்டுப் பெயரும் என்று பொருள். எழுத்தருக்கே பெயர் சரியாகத் தெரியவில்லை என்று எண்ணி அந்தப் பதிவைத் தள்ளிவிட்டுப் போகிறவர்கள் நிறைய. இரண்டு முறை மணந்த பெண்ணுக்கு மூன்று பெயரும் வரிசையாக வரும். அப்படிப்பட்ட ஒரே பதிவு மூன்று குடும்பங்களை இணைத்துக் காட்டிவிடும்.

இயற்பெயரும் துப்புத்தான். பழைய வழக்கப்படி மூத்த மகனுக்குத் தந்தைவழித் தாத்தா பெயர், இரண்டாமவனுக்குத் தாய்வழித் தாத்தா பெயர். மூத்த மகளுக்குத் தாய்வழிப் பாட்டி பெயர், அடுத்தவளுக்குத் தந்தைவழிப் பாட்டி பெயர். பேரன், பேத்தி என்ற சொற்களுக்கே இந்த வழக்கத்தை வைத்திருக்கும் நமக்கு இதை விளக்கவேண்டியதில்லை. பையன் பிறக்காத வீட்டில் தாத்தாவின் பெயரை விடமாட்டார்கள். வால் சேர்த்துப் பெண்ணுக்கு வைத்துவிடுவார்கள். கென்னத்தினா, டொனால்டினா, மர்டினா எல்லாம் இப்படி வந்தவை. மெக்கன்சி வீட்டில் கென்னத்தினா என்று ஒரு பெண் இருந்தால், இரு தாத்தாக்களில் ஒருவர் கென்னத்தா என்று முதலில் பாருங்கள். இந்த வரிசை விதி அல்ல, வழக்கம்; ஊகிக்க உதவும், நிரூபிக்காது.

ஆவணங்களில் இறங்கும்போது

1855 ஜனவரி 1 முதல் ஸ்காட்லாந்தில் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசு கட்டாயமாகப் பதிவு செய்தது. அதற்கு முன்னால் இருப்பவை பங்குப் பதிவேடுகள், அதாவது உள்ளூர்த் திருச்சபைகளின் பதிவேடுகள். எல்லாவற்றையும் எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகம் வைத்திருக்கிறது. 'ஸ்காட்லண்ட்ஸ் பீப்பிள்' என்ற அதன் தளத்தில் அட்டவணையைத் தேடலாம், பக்கத்தின் படத்துக்குக் கட்டணம். பிறப்புக்கு 100 ஆண்டு, திருமணத்துக்கு 75, இறப்புக்கு 50 கடந்த பதிவுகளின் படம்தான் இணையத்தில் திறக்கும்.

மற்ற நாட்டுப் பதிவுகளோடு ஒப்பிட்டால் இவை தங்கச் சுரங்கம். ஸ்காட்லாந்து இறப்புப் பதிவில் இறந்தவரின் தந்தை பெயரும், தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் இருக்கும். அதே காலத்து இங்கிலாந்துப் பதிவில் இது கிடையாது. ஆகவே பின்னிருந்து முன்னே செல்லவேண்டும்: முதலில் இறப்பு, அதிலிருந்து பெற்றோர், பிறகு திருமணம், கடைசியாகப் பிறப்பு. 1858இல் எண்பது வயதில் ஒருவர் இறந்திருந்தால் அந்த ஒரு பக்கம் 18ஆம் நூற்றாண்டின் நடுவில் பிறந்தவர்களின் பெயரைத் தந்துவிடும். ஆனால் தகவல் கொடுத்தவர் யார் என்ற கட்டத்தைப் பார்க்காமல் நம்பக்கூடாது. கொடுத்தவர் மகன் என்றால் பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயரை அவர் கேள்விப்பட்டு மட்டுமே சொல்லியிருப்பார். பக்கத்து வீட்டுக்காரர் என்றால் சொல்லவே வேண்டாம்.

1855ஆம் ஆண்டுப் பதிவு கிடைத்தால் அதிர்ஷ்டம். முதல் ஆண்டு உற்சாகத்தில் பெற்றோரின் வயது, பிறந்த ஊர், திருமணம் நடந்த தேதி, முந்தைய குழந்தைகள் வரை எல்லாம் கேட்டு எழுதினார்கள். எழுத்தர்களுக்குத் தாங்கவில்லை, அடுத்த ஆண்டே கேள்விகளைக் குறைத்துவிட்டார்கள். பெற்றோரின் திருமணத் தேதி 1861இல்தான் பிறப்புப் பதிவுக்குத் திரும்பியது. ஒரு குடும்பத்தில் பத்துப் பிள்ளைகள் என்றால், நமக்கு வேண்டியவரை விட்டுவிட்டு, 1855இல் பிறந்த உடன்பிறப்பு யாராவது உண்டா என்று தேடுவது நல்ல தந்திரம்.

அட்டவணையில் பெயரை முழுதாக அடிக்காதீர்கள். எம் எழுத்து, பிறகு நட்சத்திரக் குறி, கே எழுத்து, மறுபடி நட்சத்திரக் குறி என்று அடித்தால் எல்லா வடிவமும் வரும். கூட்டம் அதிகமாகிவிட்டால் பங்கின் பெயரையும் ஆண்டையும் கொண்டு சுருக்குங்கள், எழுத்துக்கூட்டலைக் கொண்டு சுருக்கவேண்டாம். அச்சிட்ட பழைய அட்டவணைகளில் மாக், எம்-சி, எம் மேற்கோள்குறி மூன்றும் மூன்று இடத்தில் பிரிந்து கிடக்கும், மூன்றையும் புரட்டவேண்டும்.

இயற்பெயரிலும் இதே சிக்கல் உண்டு. கேலிக் பெயருக்கு ஆங்கிலத்தில் எது 'சமம்' என்று எழுத்தர்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள்; ஒலிக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது. டோர்மொட் என்பவர் நார்மன் ஆவார், கில்யெஸ்பிக் ஆர்ச்சிபால்ட் ஆவார், எயஹன் ஹெக்டர் ஆவார். ருவரி ஒரு பதிவில் ராட்ரிக், அடுத்ததில் ரோரி. எஃபி, யூஃபீமியா, ஹென்ரியட்டா மூன்றும் ஒரே பெண்ணாக இருக்கலாம். வயதும் ஊரும் கணவன் பெயரும் ஒத்துப்போனால், இயற்பெயர் மாறியிருப்பதை மட்டும் வைத்து இரண்டு ஆள் என்று முடிவு கட்டக்கூடாது.

தேடி எதுவும் கிடைக்கவில்லை என்றால் ஆண்டைப் பாருங்கள். 1843இல் ஸ்காட்லாந்துத் திருச்சபை உடைந்து சுதந்திரத் திருச்சபை உருவானது. லூயிஸ் தீவில் மக்கள் பெருவாரியாகப் புதிய சபைக்குப் போனார்கள். அதனால் 1843க்கும் 1855க்கும் இடையில் பிறந்த குழந்தையை அரசுத் திருச்சபைப் பதிவேட்டில் காணாதது வியப்பல்ல. அந்த இடைவெளியை 1851, 1861 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் கொண்டு நிரப்பலாம். 1841 கணக்கெடுப்பைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் படிக்கவேண்டும்: அதில் பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள், வீட்டுத் தலைவருக்கு என்ன உறவு என்பதையும் எழுதவில்லை.

ஒரே ஊரில் பத்து ஜான் மெக்கன்சி இருப்பார்கள். ஊர்க்காரர்கள் குடும்பப் பெயரையே பயன்படுத்துவதில்லை. 'முர்ஹயின் இயனின் கொஞ்ஞஹ்' என்ற போக்கில் தந்தை, தாத்தா பெயரை அடுக்கிச் சொல்வார்கள். அல்லது பட்டப்பெயர் வைப்பார்கள். லூயிஸில் விசாரிக்கப் போகிறவர்கள் 'மெக்கன்சி குடும்பம் எங்கே' என்று கேட்டால் யாருக்கும் பிடிபடாது. தாத்தாவின் பெயரையும் எந்த ஊர் என்பதையும் சொன்னால் வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் விடுவார்கள். நிலக்கிழார்களுக்கு நிலமே பெயர்: ரோஸ்ஹாவின் மெக்கன்சி, கெர்லாக்கின் மெக்கன்சி. பத்திரத்தில் 'அந்த ஊரின்' என்றிருந்தால் நிலச் சொந்தக்காரர், 'அந்த ஊரில்' என்றிருந்தால் குடியானவர். ஒரு சின்ன இடைச்சொல்லில் வர்க்கமே மாறிவிடுகிறது.

பெயர் சொல்லாதவை

மெக்கன்சி என்ற பெயர் இருந்தால் பழைய குலத்தலைவரின் வாரிசு என்று அர்த்தமில்லை. நிலம் யாருடையதோ அவர் பெயரைக் குடிகள் ஏற்பது மலைப்பகுதியில் சகஜம். மெக்கன்சிகள் லூயிஸ் தீவைக் கைப்பற்றியது 1610இல். அதற்கு முன் அங்கே மெக்லியோட் ஆட்சி. 1844இல் தீவை விற்கும்வரை அவர்களே நிலக்கிழார்கள். அந்த இரு நூற்றாண்டில் தீவின் மெக்கன்சிகளில் சிலர் பெருநிலத்திலிருந்து வந்தவர்கள்; மற்றவர்கள் பெயர் மட்டும் மாறியவர்கள். எதிர்ப்பக்கத்து உதாரணம் மெக்ரெகர். அந்தப் பெயரையே 1603இல் அரசு தடைசெய்தது. 1661இல் தடை நீங்கி, 1693இல் திரும்ப வந்து, 1774இல்தான் முழுதாக ஒழிந்தது. இடையில் அவர்கள் மர்ரே, டிரம்மண்ட், கேம்பெல் என்று கிடைத்த பெயரில் வாழ்ந்தார்கள். பலர் திரும்பவே இல்லை.

மெக்கன்சிகளின் மூதாதை காலின் ஃபிட்ஜெரால்டு என்ற அயர்லாந்துப் பிரபு என்ற கதையையும் பழைய வம்சாவளி நூல்களில் பார்க்கலாம். 17ஆம் நூற்றாண்டில் பரவிய இந்தக் கதையை இன்று வரலாற்றாளர்கள் ஏற்பதில்லை.

காசை வீணாக்கும் இன்னொன்று 'குடும்பச் சின்னம்'. பெயரைச் சொன்னால் கேடயம் அச்சிட்டுத் தரும் கடைகள் எங்கும் உண்டு. ஸ்காட்லாந்தில் கேடயச் சின்னம் குடும்பப் பெயருக்கு உரியது அல்ல, தனி ஒருவருக்கு உரியது. எடின்பரோவில் இதற்கென்றே லயன் நீதிமன்றம் இருக்கிறது. சின்னங்களின் பொதுப் பதிவேடு 1672ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. நீலக் கேடயத்தில் பொன்னிற மான்தலை மெக்கன்சி குலத்தலைவருடையது. குலத்தைச் சேர்ந்த மற்றவர்கள் அணியலாம் என்பது தலைவரின் உச்சிச் சின்னமான அந்தத் தீப்பற்றிய மலையை வார்ப்பட்டையும் கொக்கியும் சூழ்ந்த வடிவில் மட்டும்தான். கட்டம்போட்ட துணிக்கு அப்படி எந்தத் தடையும் இல்லை, யாரும் உடுத்தலாம்.

சென்னை ஆவணங்களில்

கும்பினிக் காலச் சென்னையில் மெக்கன்சிகள் ஏராளம். குலத்தலைவர் படை திரட்டினால் அந்தப் பெயர்க்காரர்கள்தான் அதிகம் சேர்வார்கள், மேலே ஒருவர் இருந்தால் கீழே நாலு பேருக்கு வேலை கிடைக்கும். காலின் என்பதோ அந்தக் குலத்தில் திரும்பத் திரும்ப வரும் இயற்பெயர். அதனால் ஆளைப் பிரித்தறிவது முதல் வேலை. நில அளவையாளர் காலின் மெக்கன்சி 1821இல் கல்கத்தாவில் இறந்துவிட்டார். 1806இல் பிறந்து 1881இல் இறந்த இன்னொரு காலின் மெக்கன்சியும் சென்னைப் படை அதிகாரிதான். ஆப்கானியப் போரில் பிணைக்கைதியாக இருந்தவர். 1821க்குப் பிந்தைய தேதியோடு ஒரு காலின் மெக்கன்சி கடிதம் கண்ணில் பட்டால், அதைச் சுவடிக்காரரின் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

சென்னை மாகாணத்து ஐரோப்பியரின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலகத் தொகுப்பில் 'என் 2' என்ற வரிசையில் இருக்கின்றன. வங்காளம் 'என் 1', பம்பாய் 'என் 3'. நில அளவையாளர் சென்னையில் நெடுங்காலம் இருந்தவர் என்றாலும், இறப்பைத் தேடவேண்டியது வங்காள வரிசையில்தான்.

சுவடிகளின் தமிழ்ப் பகுதியைச் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் பார்க்கலாம். தமிழ் நூற்பட்டியல்களில் தேடும்போது மெக்கன்சி, மெக்கென்சி, மெக்கன்ஸி, மக்கென்சி, மெக்கின்சி என்று ஐந்து வடிவத்தையும் தனித்தனியாக அடித்துப் பாருங்கள். நமது பட்டியல்களில் நட்சத்திரக் குறி பெரும்பாலும் வேலை செய்யாது. கடைசி வடிவத்தில் அமெரிக்க ஆலோசனை நிறுவனம் ஒன்றைப் பற்றிய கட்டுரைகளும் சேர்ந்து கொட்டும். கூடவே 'கைபீது' (உள்ளூர் வரலாற்றுக் குறிப்பு) என்றோ 'சுவடி' என்றோ ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டால் அது வடிந்துவிடும்.